ஐயவாதியின் செவி

இறைமறுப்பாளர்களின் பெயர்களைக் கூறுமாறு கேட்டால் நம்மில் பலர் முதலில் உரைக்கும் பெயர் பிரெடரிக் நீட்சே. கடவுளின் இறப்பை ஒரு பித்தனின் வாயால் சந்தைவெளியில் அறிவிக்கச் செய்து 1882-இல் நூல் வெளியிட்டவர் அவர். குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் அவரை மறுத்துரைக்க வேண்டிய வாதங்களின் தொகுப்பாகவே நாம் கற்றோம். அந்த வாதங்களுக்குப் பின்னால் இசையின்றி ஒரு நாளும் வாழ இயலாத ஒரு மனிதர் இருந்தார் என்பதை நம் பாடக்குறிப்புகள் சொல்லவில்லை. பியானோவின் முன் மணிக்கணக்கில் அமர்ந்து மனம் போன போக்கில் வாசித்தவர். தாமே இசை இயற்றியவர். எந்த நாளில், எந்த ஊரில், எதைக் கேட்டு உருகினார், எதைக் கேட்டு வெறுத்தார் என்பதையெல்லாம் கடிதங்களில் எழுதி வைத்தவர். அக்கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, அவருடைய நூல்களில் மட்டும் மூழ்கியவர்கள் காணாத ஒன்று புலனாகிறது. அவருடைய அறிவு ஒரு வழியில் சென்றது. அவருடைய செவி எப்போதும் அந்த வழியிலேயே செல்லவில்லை.

1844-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜெர்மனியில் ரோக்கன் என்னும் சிற்றூரில், கோயிலை அடுத்திருந்த போதகர் இல்லத்தில் நீட்சே பிறந்தார். தந்தை லுத்தரன் திருச்சபைப் போதகர். தாயின் தந்தையும் போதகரே. தந்தை 1849-இல் இறந்தபோது மகனுக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. குடும்பம் நௌம்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்நகரக் கோயிலில் ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவன்று ஹாண்டலின் 'அல்லேலூயா' கூட்டிசையைக் கேட்ட சிறுவன், வானதூதர்களின் பாடலையே கேட்டதாக எண்ணித் தானும் அவ்வாறு இசை அமைக்க வேண்டும் என்று முடிவு செய்தான். பதினான்கு வயதில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், இசையை இறைவன் மனிதருக்குத் தந்ததே அவர்களை மேல்நோக்கி அழைத்துச் செல்வதற்காகத்தான் என்னும் கருத்தை எழுதினார். மொசார்ட், ஹைடன், பேத்தோவன், பாக் ஆகியோர் அப்போது அவருக்கு உவந்தவர்கள். புதுமை இசை என்று அன்று ஆரவாரம் செய்யப்பட்டதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்து பிறப்பைப் பாடும் இசைக்காவியம் ஒன்றையும் பதின்பருவத்தில் இயற்றத் தொடங்கினார். அது நிறைவு பெறவில்லை. அது நிறைவு பெறாமல் நின்ற ஆண்டுகளில்தான் அவருடைய நம்பிக்கையும் மெல்ல மெல்ல வற்றியது. 1865-இல், போன் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பியவர், உயிர்ப்புப் பெருவிழாவில் நற்கருணை வாங்க மறுத்துத் தாயைக் கண்ணீர் விட வைத்தார். இறையியல் படிப்பையும் கைவிட்டார்.

நாம் தங்கிப் பார்க்க வேண்டிய இடம் இதற்குப் பிறகு வருகிறது. 1869-இல், தம் இருபத்து நான்காம் வயதில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியரானார். மறு ஆண்டு ஏப்ரலில் அந்நகரில் பாக் இயற்றிய 'மத்தேயு திருப்பாடுகள்' பாடப்பட்டது. ஒரே வாரத்தில் மூன்று முறை சென்று அதைக் கேட்டார் நீட்சே. நண்பர் எர்வின் ரோடேக்கு எழுதிய கடிதத்தில், மூன்று முறையும் அதே அளவற்ற வியப்பே தமக்கு உண்டானதாகக் கூறுகிறார். கிறிஸ்தவத்தை முற்றாக மறந்துபோன ஒருவனுக்கும் இவ்விசை உண்மையாகவே ஒரு நற்செய்தியாக ஒலிக்கிறது என்பது அக்கடிதத்தின் பொருள்.

இக்கருத்தை எளிதாகக் கடந்து செல்ல நம்மால் இயலவில்லை. அந்த இசைப்படைப்பின் அமைப்பை அறிந்தவர்களுக்கு அதன் கனம் இன்னும் தெளிவாகும். மத்தேயு நற்செய்தியின் 26, 27-ஆம் அதிகாரங்களைப் பாக் ஒரு சொல்லும் விடாமல் பாடவைத்தார். நற்செய்தியாளரின் வாசகத்தை ஒற்றைக் குரல் பாடுகிறது. கூட்டத்தின் கூச்சலை இரு பாடகர் குழுக்கள் ஏற்கின்றன. இடையிடையே கோயிலில் மக்கள் வழக்கமாகப் பாடும் பாடல்கள் வருகின்றன. ஆண்டவர் பேசும் இடங்களில் மட்டும் நரம்பிசைக் கருவிகள் மென்மையாகச் சூழ்ந்து ஒலிக்கின்றன. ஓவியங்களில் அவர் தலையைச் சுற்றி வரையப்படும் ஒளிவட்டத்தைப் போல. சிலுவையில் 'ஏலி, ஏலி' என்று அவர் கதறும்போது அந்த நரம்பிசை நின்றுவிடுகிறது. ஒளிவட்டம் அணைந்துவிடுகிறது. கைவிடப்பட்ட மனிதரின் குரல் தனித்து ஒலிக்கிறது. 1727-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று லைப்சிக் நகரக் கோயிலில் வழிபாட்டுக்காகப் பாடப்பட்டதாகக் கருதப்படும் இப்படைப்பு, பின்னர் நெடுங்காலம் மறக்கப்பட்டு, 1829-இல் மெண்டல்சோன் பெர்லினில் மீண்டும் அரங்கேற்றிய பின்னரே உலகறிந்தது. நீட்சே கேட்டது இத்தகைய அரங்கில்தான். மறையுரை இல்லை, மன்றாட்டு இல்லை, முழங்காலிட வேண்டிய கட்டாயமும் இல்லை. பாடுகளின் வரலாறு மட்டுமே அவருக்கு முன் இருந்தது. நம்பாதவர் அதை மூன்று முறை தேடிச் சென்று கேட்டார்.

இதைக் கொண்டு அவரை மறைமுகக் கிறிஸ்தவராக்க முயல்வது நேர்மையன்று. பத்தாண்டுகள் கழித்து வெளியான மற்றொரு நூலில், பாக்கின் இசையில் பண்படாத கிறிஸ்தவமும் பண்படாத ஜெர்மானியமும் இன்னும் மிகுதியாக இருக்கின்றன என்று அவர் குறை கூறுவதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் பாக்கை அவர் இறுதிவரை விடவில்லை. 1888-இல், தம்மைப் பற்றித் தாமே எழுதிய நூலில், தம் நெஞ்சுக்கு நெருக்கமானவர்களைப் பட்டியலிடும்போது ஷோப்பினை முதலில் வைத்து, வேறு சிலரோடு ஷூட்ஸ், பாக், ஹாண்டல், ரோசினி ஆகியோரையும் குறிப்பிடுகிறார். இவர்களுள் ஷூட்ஸ் வாழ்நாளெல்லாம் திருப்பாடல்களுக்கும் நற்செய்திக்கும் இசை அமைத்தவர். கிறிஸ்தவத்தின் எதிரி எனத் தம்மைப் பறைசாற்றிக்கொண்ட அதே ஆண்டில் எழுதப்பட்ட பட்டியல் இது!

நம் கத்தோலிக்க வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி வேறொன்றும் உண்டு. 1872-இல் வெளியான அவருடைய முதல் நூலிலேயே, ஓபரா எனப்படும் இசைநாடகம் இத்தாலியில் தோன்றிய கதையை அவர் கேள்விக்குள்ளாக்குகிறார். பாலஸ்திரினாவின் சொல்லுக்கு அடங்காத தூய இசை எழுந்த அதே காலத்தில், பக்திக்கே இடமில்லாத இந்தப் புறப்பகட்டான அரங்கிசையை மக்கள் எவ்வாறு ஆர்வத்துடன் வரவேற்றனர் என்று வியக்கிறார். 1878-இல் வெளியான நூலில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். ஆன்மாவின் ஆழத்தைப் பேசும் இசை, திரெந்துப் பொதுச்சங்கத்துக்குப் பின் புத்துயிர் பெற்ற கத்தோலிக்கத்தில்தான் பாலஸ்திரினாவின் வழியாகப் பிறந்தது என்பது அங்கு அவர் முடிவு. பாலஸ்திரினா ஒரு திருப்பலி இசையால் சங்கத் தந்தையரின் மனத்தை மாற்றிப் பல்குரலிசையைத் தடையிலிருந்து காப்பாற்றினார் என்னும் பழங்கதையை நாமும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அது கதைதான், வரலாற்றுச் சான்று அதற்கு இல்லை. ஐயவாதியின் செவி வழங்கிய சான்றிதழோ அக்கதையின் துணையை நாடவில்லை.

இனி வாக்னருக்கு வருவோம். நீட்சேயின் வாழ்வில் வேறெந்த மனிதரும் இவ்வளவு இடத்தை நிரப்பியதில்லை. 1868 நவம்பரில் லைப்சிக் நகரில் இருவரும் சந்தித்தனர். பாசலில் இருந்தபோது லூசெர்ன் ஏரிக்கரையில் இருந்த வாக்னரின் இல்லத்துக்கு அடிக்கடி சென்றார். 1870 கிறிஸ்து பிறப்பு நாளன்று காலையில், மனைவி கோசிமாவின் பிறந்தநாள் பரிசாக வாக்னர் இயற்றிய சிறிய இசைப்படைப்பு அவ்வீட்டின் மாடிப்படிகளில் நின்ற கலைஞர்களால் வாசிக்கப்பட்டபோது, விருந்தினராக நீட்சேயும் அங்கிருந்தார். தந்தையை இழந்த இளைஞருக்கு, தந்தையின் வயதொத்த அந்த மேதை ஆசானாகவும் அடைக்கலமாகவும் விளங்கினார். (நீட்சேயின் சொந்த இசைப்படைப்பு ஒன்றைப் பார்த்த இசைநடத்துநர் பூலோ 1872-இல் எழுதிய பதில் அவரை நொறுக்கியது. இசையில் நீட்சே நல்ல கேட்பவர்; இயற்றுபவராக அவரை யாரும் வாழ்த்தவில்லை.) பிறகு 1876-இல் பைராய்ட் நகரில் வாக்னர் எழுப்பிய அரங்கில் முதல் இசைவிழா. ஆடை அணிகளின் பகட்டும் செல்வர்களின் ஆரவாரமும் நீட்சேக்குத் தலைவலியைத் தந்தன. இடையில் ஊரைவிட்டே ஓடினார், திரும்பி வந்தார், முழுவதும் கேளாமல் மீண்டும் புறப்பட்டார். பிரிவுக்கான விதை அங்கு விழுந்தது. அதை முளைக்கச் செய்தது 'பார்சிபால்'.

பார்சிபால் என்பது வாக்னரின் கடைசி இசைநாடகம். ஆண்டவர் இறுதி இரவுணவில் ஏந்திய கிண்ணத்தையும், அவர் விலாவைக் குத்திய ஈட்டியையும் காக்கும் வீரர்களின் கதை. அரங்கின் நடுவே அப்பமும் இரசமும் பகிரப்படுகின்றன. பெரிய வெள்ளியின் அமைதி இசையாகப் பொழிகிறது. இதன் பாடநூல் 1878 சனவரியில் நீட்சேயின் கைக்கு வந்தது. வாக்னர் சிலுவையின் காலடியில் வீழ்ந்துவிட்டார் என்று நீட்சே கொதித்தார். அதற்கு முன்பே வாக்னர் தம் நற்கருணை அனுபவங்களை உருக்கத்தோடு நீட்சேயிடம் கூறியதாகவும் அதுவே பிரிவுக்குக் காரணமென்றும் தங்கை எலிசபெத் பின்னாளில் எழுதினார். அந்த அம்மையார் அண்ணனின் வரலாற்றைத் தம் விருப்பப்படி திருத்தியவர் என்பதால் ஆய்வாளர்கள் அக்கதையை ஏற்பதில்லை. வாக்னர் மனம் திரும்பினாரா என்பதே ஐயத்துக்குரியது. சமயம் செயற்கையாகிவிட்ட இடத்தில் அதன் கருவைக் காப்பாற்றுவது கலையின் கடமை என்பதே அவர் கொள்கை. சுருக்கமாகச் சொன்னால், கோயில் காலியாகிவிட்டது, அரங்கம் அதன் பணியை ஏற்கும் என்பதே அதன் உட்பொருள். பைராய்ட் நகரில் முதல் அங்கம் முடிந்ததும் கைதட்டாமல் எழுந்து செல்லும் வழக்கம்கூடத் தோன்றியது.

1881 நவம்பரில் ஜெனோவா நகரில் நீட்சே முதன்முறையாகப் பிஸேயின் 'கார்மென்' இசைநாடகத்தைக் கேட்டார். அதை இயற்றிய பிரெஞ்சுக்காரர், பாரிசில் அது அரங்கேறிய மூன்றாம் மாதத்திலேயே, 1875 சூனில், முப்பத்தாறு வயதில் இறந்துவிட்டிருந்தார். இதைப் பின்னர் அறிந்து நீட்சே வருந்தினார். சேவில் நகரப் புகையிலை ஆலையில் வேலை செய்யும் பெண். அவளால் வாழ்வைத் தொலைக்கும் படைவீரன். கத்திக்குத்தில் முடியும் காதல். அங்கு யாரையும் யாரும் மீட்பதில்லை. வெயிலும் தாளமும் தெளிவான மெட்டும் உண்டு. அதுவே அவருக்குப் பிடித்தது. 1888-இல் வாக்னரைத் தாக்கி எழுதிய சிறுநூலைக் கார்மெனின் புகழோடுதான் தொடங்குகிறார். இருபதாம் முறையாக அதைக் கேட்டதாகவும் கூறிக்கொள்கிறார். வாக்னரின் நாடகங்களில் எப்போதும் எவரோ ஒருவர் மீட்கப்பட விரும்பிக்கொண்டே இருக்கிறார் என்று எள்ளி நகையாடுகிறார். வாக்னரின் இசையைக் கேட்டால் மூச்சு முட்டுகிறது, கால்கள் நடைபோட மறுக்கின்றன என்று உடலின் சாட்சியத்தையும் துணைக்கு அழைத்ததுண்டு.

இவ்வளவும் உண்மையான சுவையா? அதே 1888 திசம்பர் இறுதியில், அறிவு கலங்குவதற்குச் சில நாள்களே இருந்த வேளையில், கார்ல் பூக்ஸ் என்னும் இசைஞருக்கு எழுதிய கடிதத்தில் அவரே உடைத்துச் சொல்கிறார்: பிஸேயைப் பற்றித் தாம் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், வாக்னருக்கு எதிரே நிறுத்துவதற்கு அது நன்கு பயன்படுகிறது, அவ்வளவே. கார்மெனை அவர் விரும்பினார் என்பதில் நமக்கு ஐயமில்லை. விருப்பமின்றி யாரும் ஒன்றை அத்தனை முறை கேட்கச் செல்லார். ஆனால் விருப்பத்தை வாளாகவும் தீட்டிக்கொண்டார். சுவை என்று நாம் மேடையில் முழங்குவதில் எத்தனை பங்கு சுவை, எத்தனை பங்கு சண்டை என்பதை அக்கடிதம் போல் வெளிப்படையாகச் சொல்லும் ஆவணங்கள் குறைவு.

இதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1887 சனவரியில், மோன்தே கார்லோவில் ஓர் இசையரங்குக்கு அவர் சென்றிருந்தார். அங்கே பார்சிபாலின் முன்னிசை வாசிக்கப்பட்டது. அந்நாடகத்தின் பாடநூலை வெறுத்தவர்; 1882-இல் அதன் அரங்கேற்றத்துக்குப் போக மறுத்தவர்; அந்தப் 'பக்தி வேடத்தை' எள்ளியவர். அன்று கேட்டதைப் பற்றி நண்பர் பீட்டர் காஸ்டுக்கு எழுதிய கடிதத்தில் குரலே மாறிவிடுகிறது. இத்தகைய இசை எதற்குப் பயன்படும் என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டுக் கலையை மட்டும் பார்த்தால், வாக்னர் இதைவிடச் சிறந்ததாக எதையாவது செய்திருக்கிறாரா என்று கேட்கிறார். உள்ளத்தின் அறிவும் இரக்கமும் கலந்த அந்த ஊடுருவும் பார்வைக்கு இணையாகத் தாந்தேயைத்தான் சொல்ல முடியும் என்கிறார். இது தனிக்கடிதம். அடுத்த ஆண்டு வெளியான நூல்களில் இந்த வியப்புக்கு இடமில்லை. அங்கே தாக்குதலின் குரலே ஓங்கி ஒலிக்கிறது.

நீட்சேயின் குற்றச்சாட்டை அவருடைய செவியே ஒருமுறை மறந்துவிட்டது என்பதால் குற்றச்சாட்டு பொய்யாகிவிடாது. புனிதமானவற்றை நரம்புகளைக் கிளறும் கருவியாக்குவது, மனம் உருகுவதையே மனம் மாறுவதாக நம்பவைப்பது — இதைத்தான் அவர் வாக்னரிடம் கண்டு அஞ்சினார். இந்த அச்சம் திருச்சபைக்குப் புதிதன்று. புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் இதையே தம் மீது திருப்பிக் கேட்கிறார். திருமுழுக்குப் பெற்ற நாள்களில் கோயில் பாடலைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர் அவர். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகம் ஈர்க்கும்போதெல்லாம் தாம் பாவம் செய்வதாக ஒப்புக்கொள்கிறார். அலெக்சாந்திரியாவில் புனித அத்தனாசியார் திருப்பாடல்களைப் பாடலினும் வாசிப்புக்கே நெருங்கிய குரலில் சொல்லச் செய்தாராமே, அதுவே பாதுகாப்போ என்றும் தயங்குகிறார். ஆயினும் வலுவற்ற உள்ளங்கள் செவியின் இன்பத்தால் பக்திக்கு எழக்கூடும் என்று கருதிக் கோயிலில் பாடும் வழக்கத்தை ஏற்றுக்கொள்கிறார். தீர்ப்பு சொல்லிவிட்டு நிம்மதியாகப் போகும் மனிதரல்லர் அகுஸ்தினார்.

நீட்சே இறந்த மூன்றாம் ஆண்டு, 1903 நவம்பர் 22-ஆம் நாள், புனித செசீலியாவின் திருநாளன்று, திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசையைப் பற்றிய தம் ஆணையை வெளியிட்டார். இத்தாலியக் கோயில்களில் அப்போது ஓபரா மெட்டுகள் திருப்பலிக்குள் தாராளமாக நுழைந்திருந்தன. அரங்கப் பாணி கோயிலுக்கு ஒவ்வாதது என்று கண்டித்த அவர், கிரகோரியார் பண்ணை முதல் முன்மாதிரியாகவும், பாலஸ்திரினாவின் கையில் நிறைவு கண்ட பல்குரலிசையை அடுத்ததாகவும் வைத்தார். பியானோவுக்கும் முரசுக்கும் கோயிலில் தடை விதித்தார். ரோக்கன் போதகரின் நம்பிக்கையிழந்த மகனும், ரியேசே கிராமத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்த இத்திருத்தந்தையும் ஒருவரையொருவர் பின்பற்றினார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. நோக்கங்கள் துருவங்கள். அரங்கத்தைக் கோயிலென்று சொல்லிக்கொள்வதை முன்னவர் எதிர்த்தார். கோயில் அரங்கமாவதைப் பின்னவர் எதிர்த்தார். பாலஸ்திரினாவைப் பற்றி மட்டும் இருவரும் ஒரே பக்கம் நின்றனர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் வழியாக அந்தந்த மக்களின் இசைமரபுக்குக் கதவைத் திறந்துவிட்டது; அதன் நற்பயனை நாம் ஒவ்வொரு ஞாயிறும் துய்க்கிறோம். ஆயினும் திருவிழாத் திருப்பலிகளில் மின்விசைப்பலகையின் தாளப்பெட்டி முழங்க, காணிக்கைப் பாடலுக்கு மக்கள் கைதட்டுவதைக் காணும்போது, பத்தாம் பத்திநாதரை மட்டுமல்ல, நீட்சேயையும் நம் பாடகர் குழுவினருக்கு வாசித்துக் காட்டலாமே என்று தோன்றுவதுண்டு. பங்கு மக்கள் நம்மை மன்னிப்பார்களா என்பது வேறு.

மீண்டும் அந்த மூன்று மாலைகளுக்கே மனம் செல்கிறது. பாக்கின் திருப்பாடுகள் மனத்தை உருக்கவில்லையா? உருக்குகின்றன. பார்சிபாலின் முன்னிசையும் உருக்குகிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், இசையறிஞர் பல சொல்வர். நமக்குத் தோன்றுவது ஒன்றே. பாக் எழுதியது ஒரு குறிப்பிட்ட கோயிலில், ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமையன்று, மறையுரைக்கு முன்னும் பின்னும் பாடுவதற்காக. கேட்பவர்கள் ஏற்கெனவே அறிந்த வரலாற்றை அவர்கள் அறிந்த பாடல்களோடு பின்னிக் கொடுத்தார். தன்னை வியக்கும்படி அது யாரையும் கெஞ்சவில்லை. ஆகவேதான் நம்பாதவரும் அங்கே அச்சமின்றி அமர முடிந்தது போலும்.

1889 சனவரியில் தூரின் நகரில் நீட்சேயின் அறிவு கலங்கியது. யேனா நகர மனநல மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு சென்றனர். அவருக்குத் தம் நூல்கள் நினைவில் நிற்கவில்லை. விரல்கள் மட்டும் மறக்கவில்லை. 1890-இல் அவரைக் காணச் சென்ற பீட்டர் காஸ்ட், பியானோவில் அவர் தாமே கற்பித்து வாசித்ததில் ஒரு தவறான சுரமும் இல்லை என்றும், வாக்னரின் 'திரிஸ்தான்' இசையைப் போன்ற நுண்ணிய இழைகள் அதில் ஓடின என்றும் எழுதினார். அதே ஆண்டு தாய் பிரான்சிஸ்கா மகனை நௌம்பர்க் வீட்டுக்கு அழைத்துச் சென்று, 1897-இல் தாம் இறக்கும்வரை உடனிருந்து பேணினார். உயிர்ப்புப் பெருவிழாவன்று நற்கருணையை மறுத்த மகனுக்கு அவர் உணவு ஊட்டினார். நடைக்கு அழைத்துச் சென்றார். நீட்சே 1900 ஆகஸ்ட் 25-ஆம் நாள் வைமார் நகரில் இறந்தார். ரோக்கன் ஊரில், தந்தை போதித்த கோயிலின் சுவரை ஒட்டி, பெற்றோரின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தனர்.